ஆற்றுக்கு வந்தால் அரசாணிக்காய்

எந்த ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் இப்போது ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருக்கிறீர்களோ, அங்கே இருக்கும் என் அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா? போனில் எப்போதும் நீங்கள்தான் இதை முதலில் கேட்பீர்கள். நாசிக்கிலிருந்து பேசினாலும் விஜயவாடாவிலிருந்து பேசினாலும் லோடு இறங்கியதா, டயர் வெடித்ததா என்பதெல்லாம் பிறகுதான். "சாப்டியா சாமி? என்ன காய்?" இன்றைக்கு நான் முந்திக்கொள்கிறேன். அங்கே என்ன காய் அப்பா?

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை. லாரி டிரைவரின் மகளாக வளர்ந்ததில் இது ஒரு சிக்கல். அப்பா வீட்டில் இல்லை என்பது நமக்குச் சாதாரண நாள்தானே. மத்தியானம் கண்ணயரும்போது பைபாஸில் ஏர் ஹாரன் கேட்டால் பாதித் தூக்கத்தில் "அப்பா வந்தாச்சு" என்று நினைத்துவிடுகிறேன். அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமலே படுத்திருப்பேன். திறந்தால் வண்டி தாண்டிப் போய்விடும்.

சரி, ஊர்ச் சேதிக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நீங்கள் கடைசியாகக் காயை வெட்டி விதையை வழித்து வீசினீர்கள் இல்லையா, அங்கே ஒரு கொடி முளைத்தது. யாரும் விதைக்கவில்லை. துவைத்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்தது. சுருட்டி வைத்த உங்கள் தார்ப்பாய்மேல் ஏறிப் படர்ந்து, சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்தது. பிஞ்சுகள் எல்லாம் வெம்பி விழுந்தன. ஒன்றே ஒன்று நின்று பெருத்தது. மண்ணில் பட்டு அழுகிவிடக் கூடாதென்று அம்மா அதற்கு அடியில் வைக்கோல் பரப்பினாள். நீங்கள் போனபின் அவள் தானாக எழுந்து போய்ச் செய்த முதல் வேலை அதுதான்.

என்ன காய் என்கிறீர்களா? அங்கேதானே நம் வீட்டுச் சண்டையே தொடங்குகிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் புரியட்டும் என்று தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பரமத்திப் பக்கம். மஞ்சள் பூசணிக்கு உங்கள் ஊரில் அரசாணிக்காய் என்று பெயர். அம்மா கெங்கவல்லி. அவள் ஊரில் அதே காய் பரங்கிக்காய். ஒரே மாவட்டமாக இருந்த பூமிதான், ஒரே பஸ்ஸில் மாறாமல் போய்விடலாம். ஆனால் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் 'ஊடு' என்பீர்கள், அவள் 'வூடு' என்பாள். "ஊட்டுல வச்சிருக்கேன்" என்று நீங்கள் சொன்னால் போதும். "அந்த வ எங்க போச்சு? வழியில லோடு இறக்கிட்டீங்களா?" என்று அம்மா கேட்காமல் விடமாட்டாள். இரண்டுமே தப்பு என்று என் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் உங்கள் இருவரிடமும் சொல்லவே இல்லை.

இந்தச் சண்டையில் ஏமாந்தது நான்தான். பரங்கிக்காயும் அரசாணிக்காயும் வேறு வேறு காய்கள் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பாமல் என்ன செய்வது? அம்மாவின் பரங்கிக்காய் வீட்டில் வரும். தோல் சீவி, பொடியாக நறுக்கி, வெல்லம் போட்டுக் குழையக் குழைய ஒரு கூட்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. "தின்னுட்டு எந்திரி பாப்பா" என்று அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பாள். உங்கள் அரசாணிக்காயோ ஆற்றங்கரையில் வரும். தோலோடு பெரிய பெரிய துண்டு, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், இறக்கும்போது வறுத்த கடலைக்காயைக் கல்லில் நசுக்கித் தூவுவீர்கள். சட்டியிலேயே கையை விட்டுத் தின்பேன். இரண்டும் ஒன்று என்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

வீட்டில் நீங்கள் அடுப்படிப் பக்கமே வரமாட்டீர்கள். வண்டியில் இந்தியா முழுக்கச் சமைத்த மனிதர், வீட்டில் ஒரு டீ போட்டதில்லை. கேட்டால், "இது உங்கம்மா வண்டி. நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். வெளிய வந்தா, அது என்ற வண்டி" என்பீர்கள். அதனால் லோடு முடிந்து வந்து ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால், மறுநாள் உங்களுக்குக் கை அரிக்கும். மொபெட்டில் முன்னால் ஸ்டவ்வும் சட்டியும் நானும். பின்னால் அம்மா, அவள் மடியில் காய். ஜேடர்பாளையம் அணைக்குப் போவோம். சுற்றிலும் எல்லோரும் மீன் வறுவல் வாங்கித் தின்றுகொண்டிருப்பார்கள். அந்த வாசனைக்கு நடுவில் நாம் மட்டும் காய் வேகவைத்துக்கொண்டிருப்போம். போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் அவர்களையும் உட்காரச் சொல்லி ஒரு துண்டு தின்னக் கொடுப்பீர்கள்.

சேந்தமங்கலம் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்தில் ஓடையோரம் சமைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காய் பாதி வெந்திருந்தபோது மலையிலிருந்து மழை இறங்கியது. ஓடிப்போய் எங்காவது ஒதுங்கலாம் என்று அம்மா கத்தினாள். நீங்கள் தார்ப்பாயை எடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னீர்கள். நான்காவது முனையை ஒரு பாறையில் கட்டினீர்கள். நடுவில் ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது. தார்ப்பாய்மேல் மழை விழுகிற சத்தத்தில் நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. அம்மா மட்டும் சிரித்தாள். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் அப்பா? அவளிடம் கேட்டால் இப்போதும் சொல்ல மறுக்கிறாள்.

என் குட்டு வெளிப்பட்டது நாம் மூவரும் சேர்ந்து போன சந்தையில். அம்மா பரங்கிக்காய் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "பரங்கிக்கா வேண்டாம்மா, அரசாணிக்கா வாங்கு" என்று அடம்பிடித்தேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க சாமி!" நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தே சும்மா இருந்திருக்கிறீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தலையைத் தடவிச் சொன்னீர்கள்: "அவரு கெடக்கறாரு அம்மிணி. ஊட்டுல இருந்தாத்தான் அது பரங்கி. ஆத்துக்கு வந்தா அரசாணி."

அம்மாவின் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. முழுக் காயைப் பெண்பிள்ளை வெட்டக் கூடாது. முதல் வெட்டை ஆண்பிள்ளை போட வேண்டும், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அரிந்துகொள்ளலாம். கல்லூரியில் படிக்கும்போது நான் இதற்காக அம்மாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். "வெட்டறது ஆம்பளையா பொம்பளையான்னு கத்திக்குத் தெரியுமா?" என்றேன். "கத்திக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அதனால் நம் வீட்டுக் கூடத்து மூலையில் எப்போதும் ஒரு முழுக் காய் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்கள் போன் செய்தால் அம்மா வேறெதுவும் பேசமாட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கமாட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லமாட்டாள். "பரங்கிக்கா ஒண்ணு வாங்கியாந்து வச்சிருக்கேன். வெட்ட ஆளில்ல" என்பாள், அவ்வளவுதான். "அரசாணிக்கா கெடக்குதா? சேரி சேரி, வாரேன்" என்பீர்கள் நீங்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, செல்வம் வெளியூர் போன ஒரு நாளில்தான் இது என்ன பேச்சு என்று எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கா குறைச்சல்? ஒரு குரல் கொடுத்தால் யாராவது வந்து வெட்டிக் கொடுத்திருப்பார்கள். அம்மா ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை.

இப்போது பொடக்காணிக் காய்க்கு வருகிறேன். காம்பு காய்ந்ததும் அம்மா அதைப் பறித்துத் துடைத்து அதே மூலையில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாரம் போனது, பிறகு பல வாரங்கள் போயின. அம்மா காலையில் அதன் பக்கத்தில் கூட்டுவாள், தள்ளி வைக்கமாட்டாள். வீட்டை விட்டு எங்கும் வருவதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் கால் வலி என்றாள். சாப்பாடு என்றால் மோரும் சோறும், தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எனக்குப் பயமாக இருந்தது அப்பா. உங்களை இழந்த துக்கத்தை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பின்னாலேயே கிளம்புகிறாளோ என்கிற பயத்தைத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் பார்த்துவிட்டார். உங்கள் மாப்பிள்ளைக்குத் தீவன மில்லில் மூட்டை பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் அடியில் கைவைத்துத் தூக்கிப் பார்க்கிற பழக்கம். காயைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஓரிடம் மெத்தென்று அமுங்கியது. "அத்தை, இது கெட்டுப்போயிருமுங்க. குடுங்க, நான் வெட்டித் தர்றனுங்க" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருக்கட்டுங்க மாப்ள, அவரு வரட்டும்" என்றாள்.

தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்புறம்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள். செல்வம் காயை மெதுவாக அதே இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். உங்கள் பேத்தி யாழினி மட்டும் என்னிடம் வந்து, "அப்புச்சி எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, உங்கள்மேல்தான் என்று நினைக்கிறேன். பரண்மேல் இருந்த உங்கள் வண்டிப் பெட்டியை இறக்கினேன். உங்கள் பம்ப் ஸ்டவ், கருத்த சட்டி, பிடியில் டியூப் ரப்பர் சுற்றிய உங்கள் கத்தி, எல்லாம் அப்படியே இருந்தன. ரேஷனில் சீமெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்ட காலம் இது. உங்கள் கேனில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஊற்றி, பொடக்காணியில் வைத்துப் பம்ப் அடித்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது, தீ வரவில்லை.

பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"பின்னு குத்தாம அடிச்சா எப்படிடி எரியும்?" என்றாள். பெட்டிக்குள் கைவிட்டு, எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே ஸ்டவ் பின்னை எடுத்தாள். குத்தினாள். நீலமாக எரிந்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றோம். கண்ணை மூடினால் நீங்கள் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றியது. அம்மாவும் கண்ணை மூடித்தான் இருந்தாள்.

அப்புறம் குனிந்து ஸ்டவ்வை அணைத்தாள். "இத வூட்டுல பத்த வைக்காத. அவருக்குப் புடிக்காது. ஆத்துக்கு எடுத்துக்கிட்டுப் போலாம்."

போலாம் என்றாள் அப்பா. போ என்று சொல்லவில்லை.

மறுவாரம் போனோம். இப்போது மொபெட் இல்லை, செல்வத்தின் சின்னக் கார். ஆனாலும் காயை டிக்கியில் வைக்க அம்மா விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். ஜேடர்பாளையத்தில் மீன் வறுவல் வாசனை நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வெயில் தண்ணீரில் பட்டு, மேலே மரத்து இலைகளின் அடிப்பக்கத்தில் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வருஷம் என்பதே மறந்துவிடும்போல இருந்தது. எப்போதும் உட்காருகிற வேரில் அம்மா உட்கார்ந்தாள்.

துண்டை விரித்துக் காயை வைத்தோம். செல்வம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார், கேட்கத் தைரியமில்லை. யாழினிதான் போட்டு உடைத்தாள். "அம்மாயி, அப்புச்சி இன்னும் வரலியே. யாரு வெட்டுவா?"

அம்மா ஆற்றைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள், நான் கத்தியைக் கொடுத்தேன். பிடியில் சுற்றிய ரப்பரைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது யாரு கத்தி?" என்று யாழினியைக் கேட்டாள்.

"அப்புச்சி கத்தி."

"அப்பறம் என்ன? அவரு கத்தி வெட்டுனா அவரு வெட்டுனதுதான்."

காயின்மேல் வைத்து அழுத்தினாள். தோல் கெட்டி, இறங்கவில்லை. செல்வம் முன்னால் ஓர் அடி வைத்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். காய் பிளந்தது. அடியில் கொஞ்சம்தான் கெட்டிருந்தது, மற்றதெல்லாம் நல்ல செம்மஞ்சள். பிளந்த பாதியைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா அழுதாள். நீங்கள் போன அன்று உறவுக்காரர்கள் எல்லாம் அழச் சொல்லியும் அழாதவள், அன்றைக்கு அங்கே அழுதாள். நானும் அழுதேன். யாழினி விதைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடலைக்காயை நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், வறுத்த கடலைக்காய் உள்ளே இருந்தது. காற்று ஸ்டவ்வை அணைத்துக்கொண்டே இருந்ததால் குடையை விரித்து மறைத்தோம். சட்டி கழுவப் போன உங்கள் மாப்பிள்ளை மூடியைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது மிதந்து போக, பேண்ட்டை மடிக்காமல் முழங்கால் ஆழத்தில் தபதபவென்று அதன் பின்னால் ஓடினார். மீன் கடைக்காரர்கள் விசில் அடித்தார்கள். "மாப்ள, மூடி போனா போவுது, நீங்க வாங்க!" என்று அம்மா கத்தினாள். கத்தியவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கிளற ஆரம்பித்தது நான். கொஞ்ச நேரத்தில் கரண்டி அம்மா கைக்குப் போயிருந்தது. உங்கள் ஸ்டியரிங் அது, இருந்தாலும் தொட்டுவிட்டாள். மன்னித்துவிடுங்கள். தோலோடு பெரிய துண்டு, முழு வெங்காயம், எல்லாம் உங்கள் மாதிரிதான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். அம்மா சோற்றைப் போட்டுக் காயைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு அவளே சட்டியை இழுத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினி ஒரு துண்டை எடுத்துச் சந்தேகமாக மோந்து பார்த்தாள். எனக்குப் பிறந்தவள் என்னைப்போலத்தானே இருப்பாள். "அம்மாயி, இது பரங்கிக்காயா? எனக்குப் பரங்கிக்கா வேண்டாம்."

அம்மா அவளை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். "ஊட்டுல இருந்தாத்தான் இது பரங்கி சாமி," என்றாள். "ஆத்துக்கு வந்தா அரசாணி."

ஊட்டுல. வ இல்லை அப்பா. அவள் வாயிலிருந்து என் ஆயுசில் முதல் தடவையாக வ இல்லாமல் வந்தது. சொன்னது அவளுக்கே தெரியாது, செல்வமும் கவனிக்கவில்லை. யாழினி துண்டை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். கேட்டது நான் மட்டும்தான். நீங்களும் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விதைகளை அம்மா கடலைக்காய் வைத்திருந்த அதே முடிச்சில் முடிந்து எடுத்து வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றியாகிவிட்டது. ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. இனி நம் வீட்டு மூலையில் எந்தக் காயும் அழுகும்வரை காத்திருக்காது. காம்பு காய்ந்ததும் அம்மாவையும் காயையும் ஆற்றுக்குக் கூட்டிப் போவேன். அவளுக்குக் கால் வலி என்றால் தூக்கிக்கொண்டாவது போவேன். அடுத்த தடவை கொல்லிமலை அடிவாரம். தார்ப்பாய்க்கு ஒரு முனையை யாழினி பிடிப்பாள்.

உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அடுத்த கட்டைப் பிரித்தாள். ஒன்றும் வேண்டாம் என்கிறாளாக்கும் என்று நான் எழுந்தபோது சொன்னாள்: "காய வெட்டியாச்சுன்னு எழுது. அவசரமா ஓட்டிக்கிட்டு வர வேணாம், மெதுவா இருந்துட்டு வரட்டும்னு எழுது."

எழுதிவிட்டேன்.

சட்டியில் கைவிட்டுத் தின்னும் பழக்கம் இன்னும் போகாத
உங்கள் மகள்,
அம்மிணி